கையை விட்டது யார்

ஓர் ஐப்பசி மழையில் ஆரம்பித்துப் பங்குனி வரைக்கும் என் அப்பா என் அம்மாவை "நீங்க" என்று கூப்பிட்டார். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்திருப்பார்கள். அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும், அடுப்பில் பொங்குகிற பாலைக்கூட மறந்துவிட்டு அப்படியே நிற்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஏண்டி", "இந்தாடி", "உனக்கு என்னடி தெரியும்" என்று கேட்டே பழகியவளிடம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?" என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவரு யாருடி?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் முழுப் பதில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்குக் கிடைத்த பதில் எது என்று மட்டும் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அம்மா, அப்பா, நான், மூன்றே பேர். நான் தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், யாராவது ஓய்வு பெற்றவர் சொந்தச் செலவில் போடும் நூல் எல்லாம் என் கைக்கு வரும். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. தெருவில் போகும்போது கடைப் பலகைகளில் தப்புப் பார்த்துத் திட்டிக்கொண்டே நடப்பேன். அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது என்பாள் அம்மா. விட்டுக்கொடுக்காத குணம் என்பதை அவள் பாணியில் சொல்வது அது.

அப்பா வக்கீல் குமாஸ்தா. மயிலாப்பூரில் வக்கீல்களுக்கு எப்போதும் பஞ்சம் கிடையாது. அவர்களில் ஒருவரிடம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சேர்ந்தவர், காய்ச்சல் வரும்வரை அதே வக்கீல், அதே நாற்காலி. கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவது, வாய்தா தேதி கேட்டுவருவது, சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பது எல்லாம் அவர் வேலை. கோர்ட்டில் எப்படியோ, வீட்டில் சாட்சி இல்லாமல் அவருக்குப் பேச வராது. வெண்டைக்காய் முற்றல் என்று அம்மா சொன்னால், "நான் வாங்கறப்ப பக்கத்துல ஒரு டீச்சர் நின்னாங்க, அவங்களே ஒடிச்சுப் பாத்துட்டு எளசுன்னாங்க" என்பார். எந்த டீச்சர் என்று கேட்டால், மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்பார். அவருடைய சாட்சிகள் எல்லாருமே ஒன்று மாற்றலாகியிருப்பார்கள், இல்லை செத்துப்போயிருப்பார்கள். "எல்லாம் ஜோடிச்ச சாட்சி" என்பாள் அம்மா. அவர் அசர மாட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த முயலை எங்கள் வீட்டில்தான் வளர்த்தோம்.

இருவருக்கும் நடுவில் ஓயாமல் நடந்த பெரிய வழக்கு, கல்யாணம் ஆன வருஷத்துப் பங்குனித் திருவிழாவைப் பற்றியது. அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாயன்மார்கள் பல்லக்குப் பல்லக்காக வருவார்கள், ஊரே தெருவில் நிற்கும். அம்மா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த புதுப்பெண். கட்டின பெண்டாட்டியின் கையைத் தெருவில் பிடிப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம். கூட்டத்தைச் சாக்காக வைத்து அப்பா பிடித்திருக்கிறார். தெற்கு மாட வீதி முனையில் கை விட்டுப்போய், கூட்டம் அம்மாவை எங்கேயோ தள்ளிக்கொண்டு போய்விட்டது. வெகுநேரம் தேடி, ஒரு நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றவளை அப்பா கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்.

இதுவரை இருவருக்கும் சம்மதம். கையை விட்டது யார் என்பதில்தான் வழக்கு. "தெரிஞ்சவங்க யாரோ எதிர்ல வந்தாங்க, இவரு வெக்கப்பட்டுக்கிட்டுக் கைய விட்டுட்டாரு" என்பது அம்மா தரப்பு. "சொப்புச் சாமான் கடையப் பாத்ததும் இவதான் கைய உதறிட்டுப் போனா. பலூன்காரன் ஒருத்தன் பாத்துக்கிட்டே நின்னான்" என்பது அப்பா தரப்பு. பலூன்காரன் செத்துப்போய்விட்டான் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? வீட்டில் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் தெற்கு மாட வீதி முனைக்கு வந்துதான் நிற்கும். அது நடந்தபோது நான் பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் தீர்ப்புச் சொல்லச் சொல்லி இருவரும் என்னைத்தான் இழுப்பார்கள்.

அப்புறம் மூளைக்காய்ச்சல் வந்தது. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்தவர் தீபாவளிக்கு முன்னால் கண் திறந்தார். பேச்சு வந்தது. பேப்பர் படித்தார். ரசத்தில் உப்புக் குறைந்தால் கண்டுபிடித்தார். எங்களைத்தான் யாரென்று தெரியவில்லை. தான் யாரென்றும் தெரியவில்லை. "பழசு வரலாம், வராமலும் போகலாம். நீங்க சொல்லிக்கிட்டே இருங்க, ஏதாவது ஒட்டும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். தினமும் காலைக் காப்பிக்கு அப்புறம் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் அவரை உட்கார வைத்துக்கொண்டு, அவர் பிறந்தது, படித்தது, வேலைக்குச் சேர்ந்தது என்று வரிசையாகச் சொல்வாள். வழக்குக் கொண்டுவந்த கட்சிக்காரர் பேச்சைக் கேட்பது மாதிரி அவர் கவனமாகக் கேட்டுக்கொள்வார். நான் மகள் என்று சொன்னதும் என்னை "நீ" என்று கூப்பிடச் சீக்கிரமே பழகிவிட்டார். அம்மாவிடம்தான் முடியவில்லை. "என்னையும் நீன்னே கூப்பிடுங்க" என்று அவளே கேட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் பழகினப்புறம் கூப்பிடறேங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

பொங்கலுக்குள் அவர் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கினார். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் ஆச்சரியப்படவில்லை, எனக்குப் பிழைகள் கேட்டன. அத்தையின் கல்யாணம் விழுப்புரத்தில் நடந்தது. அம்மா எப்போதும் திண்டிவனம் என்பாள், அப்பா திருத்துவார். இப்போது அப்பாவே திண்டிவனம் என்றார். தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும்போது, "மாப்பிள்ளை அழைப்பு வந்தப்ப ஜன்னல் வழியா எட்டிப் பாத்தோம். மாப்பிள்ளை தலைய நிமிரவே இல்ல" என்றார்.

"மாப்பிள்ளை நீங்கதாம்பா" என்றேன்.

"ஆமா, நான்தான்" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பிழைகளைவிட விட்டுப்போனவை அதிகம். அம்மா சொன்ன கதையில் வந்த மனிதர் யாரையும் அதட்டியதில்லை. பெண்டாட்டியை "டி" போட்டதில்லை. ஒரு பொய்ச்சாட்சிகூடச் சொன்னதில்லை. புருஷனைத் திரும்ப எழுதும் வாய்ப்பு வந்தால் யார்தான் கொஞ்சம் திருத்தி எழுத மாட்டார்கள்? நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஊரில் எல்லாருமே அதைத்தான் செய்தார்கள். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற அம்மாள் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னா நைனா, என்னியத் தெர்லயா?" என்றாள்.

"மன்னிக்கணும், தெரியலீங்க."

"அத்த வுடு. எனுக்கு உன்னத் தெரியுதுல்ல? நீ பேரமே பேச மாட்ட. சொன்ன வெலைக்கு வாங்கிக்கினு போய்க்கினே இருப்ப."

எங்கள் சந்திலேயே அவளோடு அதிகமாக மல்லுக்கட்டியவர் அப்பாதான். அவரோ, இதுவும் தன் குணங்களில் ஒன்று போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "சொகமில்லாத மனுசன்கிட்டயா உன் வேலைய காட்டற?" என்று கேட்டதும் மீன்காரம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டு சங்கராவைக் கூடப் போட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் விழுந்து அது படுத்துவிட்டது. அதோடு, கோயில் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு பெரியவர் எழுதிய புத்தகமும் போய்விட்டது. மாதக்கணக்கில் நான் வரிவரியாகத் திருத்திய புத்தகம். நல்லவேளையாக, ஆரம்பத்தில் எடுத்த ஒரு காப்பி அந்தப் பெரியவரின் பிளாப்பியில் இருந்தது. அதைப் போட்டுத் திறந்தோம். முழுப் புத்தகமும் வந்தது, அவருடைய எல்லாப் பிழைகளோடும் வந்தது.

"புக்கு கெடைச்சிருச்சு, அப்புறம் ஏம்மா மொகத்தத் தூக்கி வச்சிருக்க?" என்றார் முதலாளி.

"இது நாம பண்ணின புக் இல்ல சார்."

"எழுதினவருக்கு இதுதானம்மா அவர் புக்."

அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். ஒரு மனிதருக்குள் இருந்தது அழிந்துவிட்டது, இன்னொருத்தி வைத்திருந்த பிரதியிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய நூல்களில் பாடபேதம் என்று அடிக்குறிப்புப் போடுவார்கள், ஓர் ஏட்டில் இப்படி இருக்கிறது, இன்னொரு ஏட்டில் அப்படி இருக்கிறது என்று. ஏடுகள் எத்தனை முறை பெயர்த்து எழுதப்பட்டாலும், பிழை எத்தனை புகுந்தாலும், நூலின் பெயரை நாம் மாற்றுவதில்லை. நூலுக்குச் சரி. நூல் பெண்டாட்டியைப் பார்த்து "நீங்க" என்று சொல்வதில்லையே.

மாசி மாதத்தில் அப்பாவின் வக்கீல் அவரைப் பார்க்க வந்தார். தள்ளாத வயதிலும் கைத்தடியோடு படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அந்தப் பழைய வழக்கில் ஒரு தடவை நடுவராக இருந்து பார்த்து, வெளியே சமரசமாகப் போங்கள் என்று கைவிட்டவர். பேச்சுவாக்கில் திருவிழா வந்தது.

"அந்தப் பங்குனி உற்சவத்துல நான்தான் சார் அவங்க கைய விட்டுட்டேன்" என்றார் அப்பா. "எதிர்ல யாரோ தெரிஞ்சவங்க வந்தாங்க. வெக்கமா போச்சு. தப்பு என் பேர்லதான்."

வக்கீல் கைத்தடியைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியாம்மா? ஒப்புதல் வாக்குமூலமே குடுத்துட்டான். கேஸு உன் பக்கம்."

காப்பி டம்ளரை வைத்துவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். வக்கீல் கிளம்பிப் போகும்வரை வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அரிசி களைந்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஜெயிச்சுட்டேன்டி" என்றாள். அழுகை முகம் முழுக்க வழிந்துகொண்டிருந்தது. "என் வீட்டுக்காரரு சாகறவரைக்கும் இத ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு. அங்க உக்காந்திருக்கறது நான் பேசினதையே திருப்பிப் பேசற டேப்ரிக்கார்டரு."

"அப்பா பொழச்சு வந்திருக்காரும்மா. அதப் பெருசா நெனைக்க வேணாமா?"

"பொழச்சது யாருன்னுதான் கேக்கறேன். அவரு இனிமே வருவாரா, வந்துட்டாரா, போய்ட்டாரா? மூணுல ஒண்ணு சொல்லு. போய்ட்டாருன்னா நான் அழுது தீத்துட்டு, இந்த மனுசனுக்குச் சோறு போடறேன். தெரியாம எப்படிடி இருக்கறது?"

அம்மா ஒருபோதும் பெரிய பேச்சுப் பேசுகிறவள் அல்ல. அந்தக் கேள்வியை அவளைவிட நேராகக் கேட்டவர்களை நான் அப்புறமும் பார்த்ததில்லை. எனக்குப் பிழை கண்டுபிடிக்கத் தெரியும். மூலம் தொலைந்த பிறகு எது சரி என்று எதை வைத்துச் சொல்வது? அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா பாடத்தை மாற்றினாள். தன் தரப்பைக் கைவிட்டு அப்பாவின் தரப்பை அவருக்கே சொல்லிக்கொடுத்தாள். "நீங்க விடல. சொப்புக் கடையப் பாத்துட்டு நான்தான் உதறிட்டுப் போனேன்." இத்தனை வருஷமாகச் செத்தாலும் ஒப்புக்கொள்ளாததை அவள் தன் வாயால் சொல்வதைக் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது. பலூன்காரனை மட்டும் அவள் சொல்லவில்லை. ஜோடிச்ச சாட்சியை என் வாயால் எப்படிச் சொல்வது என்றாள். அப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. "நீங்க எனக்காகச் சொல்றீங்க" என்று ஒவ்வொரு முறையும் அதே சொல்லோடு முடித்துவிடுவார்.

பங்குனி வந்தது. அறுபத்து மூவர் அன்று அவரைக் கூட்டிப்போகப் போவதாக அம்மா சொன்னாள். இந்த உடம்போடு அந்தக் கூட்டத்துக்கா என்று நான் கத்திப் பார்த்தேன். "அப்ப நீயும் வா" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போய்விட்டாள்.

மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவுக்குத் தெரு பந்தல், நீர்மோர், பானகம், விசிறி. அம்மா அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள், நான் பின்னால் இருவரையும் கூட்டத்திலிருந்து முழங்கையால் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். தெற்கு மாட வீதி முனைக்கு வந்ததும் அம்மா நின்றாள்.

"இங்கதான்" என்றாள்.

"ஆமாங்க. இங்கதான் நான் உங்க கைய விட்டேன்."

"நான்தான் விட்டேன். எத்தன தடவ சொல்றது?"

"நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. அதுக்காக நடந்தத மாத்த முடியுங்களா?"

"பெருந்தன்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதோ, அந்த மாதிரி ஒரு சொப்புக் கடை. அதப் பாத்துட்டு நான்தான் உதறினேன்."

அப்பா கடையைப் பார்த்தார், தாங்கள் நின்ற இடத்தைப் பார்த்தார். அவர் முகவாய் கொஞ்சம் முன்னால் வந்தது. "கடை அங்க இருக்கு. நடுவுல இவ்ளோ கூட்டம். இங்கருந்து எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"அப்ப கடை இந்தப் பக்கம் இருந்துச்சு."

"இருக்காது."

"நான் பாத்தேன்னு சொல்றேன்."

"நான் விட்டேன்னு நானே சொல்றேன், இல்லேங்கறீங்களே!" அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பூ விக்கற அம்மா ஒருத்தி இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. புதுப்பொண்ண இப்படி வுட்டுட்டுப் போறியேன்னு என்னைச் சத்தம்கூடப் போட்டா."

அம்மா சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கதையில் பூக்காரி கிடையாது. அப்பாவின் பழைய கதையிலும் கிடையாது. அத்தனை வருஷ வழக்கில் அப்படி ஒருத்தி வந்ததே இல்லை.

"எந்தப் பூக்காரி?" என்றாள் மெதுவாக.

"இங்க உக்காந்திருப்பா."

"இப்ப எங்க?"

அப்பா ஒரு நொடி யோசித்தார். "அவ செத்துப்போய்ட்டா."

"பொய்."

"உனக்கு என்னடி தெரியும்? நான் என் கண்ணால பாத்தேன்!"

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கே தெரியும். "டி" போடுவதை அம்மா என்னிடம் பேசுவதிலிருந்து அவர் பொறுக்கியிருக்கலாம். அவருடைய பழைய நினைவு ஒன்றுகூட அன்றும் திரும்பவில்லை, பின்னாலும் திரும்பவில்லை. அத்தையின் கல்யாணம் கடைசிவரை திண்டிவனத்தில்தான் நடந்தது. அவர் நின்று வாதாடியதே அம்மாவின் தரப்புக்காகத்தான். முயல் மாறிவிட்டது. கால் மட்டும் மூன்றுதான் என்று அதே மனிதர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்லக்குகள் நெருங்கிவந்ததும் கூட்டம் எங்களை நெருக்கித் தள்ளியது. அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே அம்மா இன்னொரு கையால் என் தோளைப் பற்றி இழுத்தாள். மேளச் சத்தத்தில் என் காதோடு காதாக வந்து, பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததை அக்கம்பக்கத்தாரிடம் சொல்வது மாதிரி, "பாத்தியாடி, பொய் சொல்றாரு. உங்கப்பா பொய் சொல்றாரு" என்றாள்.